ஐந்து புள்ளியும் கொஞ்சம் வெள்ளமும்

என் தங்கை தமிழில் தோற்றுப் போனாள் என்ற செய்தி வந்தபோது நான் புட்டையும் பயற்றையும் பிசைந்துகொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பில் தோற்றிருந்தால் ஊரில் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்னோடிகள் உண்டு. ஆனால் சுஜாவுக்கு அப்போது வயது முப்பத்தொன்பது. நர்ஸ். தோற்ற இடம் ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் நகரம்.

"இங்கிலீஷ்ல நல்ல மார்க்கு கிட்டியாச்சு அண்ணா. தமிழ்லதான் கவுந்துட்டேன்" என்றாள் தொலைபேசியில்.

அந்த நாட்டில் நிரந்தரமாகக் குடியிருக்க விரும்புகிறவர்களுக்குப் புள்ளி போடுவார்கள். வயதுக்கு இவ்வளவு, படிப்புக்கு இவ்வளவு, வேலை அனுபவத்துக்கு இவ்வளவு, ஆங்கிலத்துக்கு இவ்வளவு. நம் கல்யாணத் தரகர்கள் கேட்பதையெல்லாம் அவர்களும் கேட்கிறார்கள். நிறமும் நட்சத்திரமும் மட்டும் கேட்பதில்லை. மொத்தம் அறுபது தேற வேண்டும். சுஜா ஐம்பத்தைந்தில் நின்றாள். மிச்சம் ஐந்துக்கு ஒரு வழி இருந்தது. தாய்மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே உட்கார்ந்து, இருவர் பேசுவதை இங்கேயும் அங்கேயும் மாற்றிச் சொல்லும் துபாஷித் தேர்வு. அதில்தான் கவிழ்ந்திருந்தாள். அக்டோபரில் நாற்பது பிறந்துவிட்டால் வயதுக்குரிய புள்ளியில் பத்து கழன்றுவிடும். பிறகு தமிழில் காவியமே பாடினாலும் அறுபது எட்டாது.

உள்ளே என்ன கேட்டார்கள் என்று வெளியே சொல்லக் கூடாதாம், கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். "ஆனா நான் என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியும்லா. அத்தனை இடத்துலயும் வெள்ளம் வெள்ளம்னு சொல்லித் தொலைச்சேன்" என்றாள்.

விஷயம் புரிந்துவிட்டது. நாங்கள் பிறந்தது குழித்துறைப் பக்கம். மார்த்தாண்டத்தைச் சுற்றியுள்ள எங்களுக்கு வெள்ளம் என்றால் தம்ளரில் ஊற்றிக் குடிப்பது. மற்றத் தமிழர்களுக்கு அது ஊரை அடித்துக்கொண்டு போவது. நோயாளியைப் பார்த்து "நிறைய வெள்ளம் குடியுங்கோ" என்று சொன்னால், திருத்துகிறவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் பேனாவைத்தான் எடுப்பார்.

"நீங்க பத்திரிகையில எல்லாம் எழுதுதியள்லா. வந்து எனக்க தமிழை ஒண்ணு சரியாக்கித் தாங்க" என்று சுஜா டிக்கெட் அனுப்பினாள். நாகர்கோவிலில் ஒரு அரசு அலுவலகத்தில் கோப்புகளைக் கண்காணித்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் சிறு பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் நான். முப்பது வருடத்தில் என் தமிழுக்காக யாரோ செலவு செய்தது அதுதான் முதல் தடவை. என் மனைவி அதைச் சொல்லியும் காட்டினாள்.

விமான நிலையத்திலேயே என் மொழிபெயர்ப்புத் திறமை சோதிக்கப்பட்டது. பெட்டியில் நூற்றைம்பது முந்திரிக்கொத்து வைத்திருந்தேன். சிறுபயறும் வெல்லமும் தேங்காயும் உருட்டி, மாவில் முக்கி, மூன்று மூன்றாகச் சேர்த்துப் பொரித்தெடுக்கும் எங்கள் ஊர்ப் பலகாரம். இதில் முந்திரிப்பருப்பு இருக்காது. எங்களுக்கு முந்திரி என்றால் மலையாளத்தில்போலத் திராட்சை. உணவுப் பொருளை எழுதிக் கொடுக்கச் சொன்ன படிவத்தில், நேர்மையும் புலமையும் ஒருங்கே பொங்க, ஆங்கிலத்தில் 'திராட்சைக் குலை, நூற்றைம்பது' என்று எழுதினேன்.

பழமும் விதையும் அந்த நாட்டுக்குள் வரக்கூடாது என்பதில் அவர்கள் காட்டும் கறாரை நாம் கள்ளச்சாராயத்தில்கூடக் காட்டுவதில்லை. என்னைத் தனியாக ஒரு மேசைக்கு அழைத்துப் போனார்கள். கையுறை போட்ட பெண் ஒருத்தி டப்பாவைத் திறந்தாள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"ஐயா, இதில் திராட்சை எங்கே?"

"திராட்சை இல்லை. அது பெயர்."

"பெயர் திராட்சை. உள்ளே திராட்சை இல்லை."

"ஆமாம்."

அவள் சற்று யோசித்து, தன் மேலதிகாரியை அழைத்தாள். அவர் ஒன்றை உடைத்து முகர்ந்து பார்த்து, பொரித்த பண்டத்தால் அந்தக் கண்டத்துக்கு ஆபத்தில்லை என்று முடிவு செய்தார். வெளியே ஒன்றரை மணி நேரம் காத்திருந்த சுஜாவிடம் காரணத்தைச் சொன்னேன். "எனக்குத் தமிழ் படிச்சுத் தர வந்த ஆளு" என்று தன் கணவரிடம் என்னை அறிமுகப்படுத்துகிறவள்போலச் சொன்னாள். மைத்துனர் பிரதீப் அமைதியான மனிதர். சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டியைத் தூக்கினார்.

ஜூன் மாதம் அங்கே குளிர்காலம். மறுநாள் காலை எட்டு மணிக்கும் தெருவில் ஆளில்லை. மார்த்தாண்டம் சந்திப்பில் ஒரு நிமிடத்தில் கேட்கும் ஹாரனை அந்தத் தெருவில் ஒரு மாதம் முழுக்கக் கேட்கவில்லை. பிரதீப் ஊரில் கட்டட மேற்பார்வை பார்த்தவர், இங்கே கோழி வெட்டும் ஆலையில் வேலை. "கட்டடம்னா இங்க நமக்க சர்ட்டிபிகேட்டு செல்லாது அத்தான். கோழி சர்ட்டிபிகேட்டு கேக்காதுல்லா" என்றார்.

அன்று மீன் வாங்கப் போனோம். மற்ற ஊர்களில் மத்தி எனப்படும் சாளை கேட்டேன். கடைக்காரர் தூண்டில் சாமான்கள் விற்கும் பக்கம் கைகாட்டினார். நம் மதியச் சாப்பாட்டை அவர்கள் தூண்டில் முள்ளில் கோர்க்கிறார்கள். இரைக்கென்று உறைய வைத்த இரண்டு பொட்டலம் வாங்கிவந்து, ஆசியக் கடையில் கிடைத்த, அதுவும் உறைந்துபோன மரச்சீனிக் கிழங்கை, அதாவது மரவள்ளியை, அவித்து, தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தாள் சுஜா. இரையைத் தின்ற மீனின் நிலைமை எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. மூன்றாவது தடவை கிழங்கு போட்டுக்கொண்டேன்.

பாடம் மூன்றாம் நாள் தொடங்கியது. அடுத்த தெருவில் இருக்கும் பவானி அக்கா உதவிக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபது வயதிருக்கும், அந்த ஊரில் இருபத்தைந்து வருடமாக இருக்கிறார். அவர்தான் நோயாளி. சுஜாவின் பத்து வயது மகள் அனு, அம்மாவின் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆங்கிலம் பேசும் டாக்டர். சுஜா துபாஷி. நான் நீதிபதி, பேனாவும் தாளும் என்னிடம்.

பவானி அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தொடங்கினார். "ரெண்டு நாளாச் சத்தி வருது டொக்டர்."

சக்தி வருவது நல்லதுதானே, அதற்கு எதற்கு டாக்டரிடம் வந்தார் என்று நான் யோசித்து முடிப்பதற்குள், இரண்டு நாளாக வாந்தி என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள் சுஜா. நான் பேனாவை உயர்த்தினேன்.

"நம்ம ஊர்ல சர்த்தின்னு சொல்லுகது அண்ணா. அதுதான் அவங்களுக்குச் சத்தி. மலையாளத்துலயும் அதான்."

உயர்த்திய பேனாவால் காதைச் சொறிந்துகொண்டேன்.

டாக்டர் அனு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். சுஜாவின் உதடு 'வெ' என்று குவிந்ததைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். முந்தின நாள் நான் எழுதிக் கொடுத்திருந்த சொற்பட்டியல் ஞாபகம் வந்திருக்க வேண்டும். விறைத்துப்போய், "அதிகமாக நீர் அருந்தவும்" என்றாள்.

பவானி அக்கா வயிற்று வலியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, இது ஆஸ்பத்திரியோ, இல்லாட்டி மருந்துப் போத்தில்ல ஒட்டின கடதாசியோ? பாவம் இந்தப் பிள்ளை, வாய்க்குள்ள இரும்பு வச்ச மாதிரிக் கதைக்குது. மனுசர் கதைக்கிற தமிழைக் குடுங்கோ."

என் சொற்பட்டியல் அன்றே குப்பைக்குப் போனது. உண்மையில் சுஜா தடுமாறியது ஐந்தாறு சொல்லில்தான். ஓர்மை என்பாள், ஞாபகம் என்று திருத்தினோம். காய்கறியைக் கறி என்பாள், பத்தியத்தில் இருக்கும் நோயாளிக்கு மற்ற ஊர்களில் அது ஆட்டுக்கறியாகிவிடும் என்று திருத்தினோம். எல்லாம் ஒருமுறை சொன்னால் பிடித்துக்கொண்டாள். வெள்ளம் மட்டும் போகவில்லை. தாகத்தோடு பிறந்த சொல், நாம் யோசிக்கும் முன்பே வாயிலிருந்து வந்துவிடுகிறது.

ஆகவே தண்டனை ஏற்படுத்தினேன். ஒரு வெள்ளத்துக்கு ஒரு பாத்திரம் கழுவ வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் இதே சட்டம். அனு குளிர்பதனப் பெட்டியின் கதவில் தாள் ஒட்டி, கோடு போட்டுக் கணக்கு வைத்தாள். முதல் நாள் சுஜா கழுவுவதற்குப் பாத்திரம் போதவில்லை. பிரதீப் வேண்டுமென்றே இரண்டு தடவை மாட்டி, மனைவியின் பங்கைக் குறைத்தார்.

நான் ஒருமுறைகூட மாட்டவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. என் முதல் உத்தியோகம் மதுரையில். சேர்ந்த அன்றே கடைநிலை ஊழியரிடம், "எண்ணே, குடிக்கதுக்கு வெள்ளம் எங்க கிட்டும்?" என்று கேட்டேன். அவர் பதறிப்போய் ஜன்னல் வழியாக வைகையை எட்டிப் பார்த்தார். மூன்று வருடம் அந்த அலுவலகத்தில் என் பெயர் வெள்ளம்தான். நாக்கை அப்போதே கழுவிவிட்டேன்.

இரண்டாம் வாரம் தேங்காய் வாங்கத் தனியாகப் புறப்பட்டேன். அந்த ஊரில் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்த வேண்டும் என்று தெரியாமல் இரண்டை விட்டேன். மூன்றாவதில் ஏறினேன். கொஞ்ச தூரம் போனதும் அது சாலையை விட்டு இறங்கி, தண்டவாளம்போல இரண்டு கான்கிரீட் விளிம்புகளுக்கு நடுவே புகுந்து வேகமெடுத்தது. ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். மலையோரத்தில் ஒற்றைக் கையால் ஓட்டுகிற ஓட்டுநர்களைப் பார்த்து வளர்ந்தவன்தான் நான். ஆனால் அந்த ஒரு கையாவது இருக்கும்.

அருகில் போய், மரியாதையாக, பிடித்துக்கொள்ளலாமே என்றேன்.

"பயப்படாதே நண்பா, அதற்கு வழி தெரியும்" என்றார்.

பஸ்ஸுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. அந்தப் பாதையில் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. ஊரின் கடைசியில் ஒரு பெரிய வணிக வளாகத்தில்தான் என்னைக் கக்கியது. அங்கிருந்து சுஜாவைக் கூப்பிட்டேன். வேலை முடிந்து காரில் வந்து அழைத்துப் போனாள்.

வழியில் அந்தப் பஸ்ஸைப் பற்றிச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "நாங்களும் அதுலதான் ஏறி இருக்கோம் அண்ணா" என்றாள். பிறகு தான் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னாள். ஆஸ்பத்திரி மூலம் கிடைத்த தற்காலிக விசா ஜனவரியில் முடிகிறது. நீட்டிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அறுபது வராவிட்டால் அவள் மறுபடி வளைகுடாவுக்குத்தான் போக வேண்டும். அனு மறுபடி மார்த்தாண்டத்துக்கு.

அந்த 'மறுபடி' எனக்குத் தெரியும். எட்டு மாதக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு மஸ்கட்டுக்குப் போனவள் சுஜா. வருடத்துக்கு ஒரு மாதம் விடுமுறை. அனு பேசத் தொடங்கியபோது வீட்டில் இருந்த பாட்டியை 'அம்மா' என்றாள். இவளை 'மஸ்கட் அம்மா' என்றாள். எல்லாரும் அதைக் கேட்டுச் சிரித்தோம். நான் அதை வைத்து ஒரு கட்டுரைகூட எழுதினேன், நல்ல வரவேற்பு.

"இப்ப வெறும் அம்மான்னு விளிக்கா. அதுக்கு நாலு வருசம் ஆச்சு" என்றாள், சாலையைப் பார்த்தபடி.

வளைகுடா ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்ளும். மிச்சக் குடும்பம் ஊரிலேயே இருந்து, வருகிற பணத்தில் மாடி கட்டும். எங்கள் பக்கம் பாதி மாடிகள் அப்படி எழுந்தவைதான், பலவற்றில் விளக்கெரிவதில்லை. இப்போது மார்த்தாண்டத்தில் எந்தக் கல்யாண வீட்டில் உட்கார்ந்தாலும் "பி.ஆர். கிட்டியாச்சா?" என்று நிரந்தரக் குடியிருப்பு அனுமதியைப் பற்றிய கேள்வி காதில் விழுகிறது. அதைப் பேராசை என்று நினைத்துக் கிண்டலாக நாலைந்து பக்கம் எழுதியவன் நான். அன்று காரில் உட்கார்ந்திருந்தபோது, அந்த இரண்டெழுத்துக்குச் சிலர் வீட்டில் வேறு பொருள் இருக்கிறது என்று தெரிந்தது. மூன்று தட்டு ஒரே மேசையில் இருப்பது என்று பொருள்.

அன்று மாலை எனக்கும் புள்ளி போட்டுப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு வயதுக்கு அந்தப் பட்டியலில் வரிசையே கிடையாது. செங்கல் அடுக்குபவர், ஓடு பதிப்பவர், குழாய் பழுது பார்ப்பவர் எல்லாம் அந்த நாட்டுக்குத் தேவைப்படுகிறார்கள். நகைச்சுவைக் கட்டுரையாளர் தேவைப்படவில்லை. நம் நாட்டின் கருத்தும் அதுதான் என்பதால் வருத்தப்படவில்லை.

மூன்றாம் வாரம் தாளில் கோடு விழுவது நின்றது. தேர்வுக்கு முந்தின ஐந்து நாளும் சுஜாவின் கணக்கில் பூஜ்யம். 'வெ' வரும் இடத்தில் கண்ணை ஒருமுறை மூடித் திறப்பாள், தண்ணீர் வந்துவிடும். பவானி அக்கா, "இனிப் பயமில்லை" என்றார். நான் இன்னும் கடுமையாகப் பிடித்தேன். தூக்கக் கலக்கத்தில் கேட்டேன், சமையல் நடுவே கேட்டேன். அந்தச் சொல்லை அந்த வீட்டை விட்டே துரத்திவிட்டேன்.

தேர்வு நடந்தது நகரத்தின் நடுவே ஒரு கட்டடத்தில். சுஜா உள்ளே போனதும் நான் எதிரே ஒரு கடையில் உட்கார்ந்தேன். அந்த ஊரின் புகழ்பெற்ற பலகாரம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இறைச்சி வைத்த மாவுப்பண்டம், கெட்டியான பச்சைப் பட்டாணிச் சாற்றில் மிதக்கிறது, மேலே சிவப்பாகத் தக்காளிச் சாறு. தொட்டுக்கொள்ள வேண்டியதை ஊற்றிவிட்டார்களே என்று பார்த்தேன். எல்லாரும் அப்படித்தான் சாப்பிட்டார்கள். மழையில் அகப்பட்ட வீடு மாதிரி அது மெல்ல உள்ளே இறங்கியது.

சுஜா வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உள்ள உள்ளது ஒண்ணும் சொல்லப்பிடாது. ஒரு வார்த்தை மட்டும் சொல்லுதேன். வெள்ளம் வந்துது."

கரண்டியைக் கீழே வைத்தேன். "சொல்லிட்டியா?"

"சொல்லல்ல. அதத்தான் சொல்ல வேண்டியிருந்தது அண்ணா."

விளங்க எனக்குச் சற்று நேரமாயிற்று. வந்தது குடிக்கிற தண்ணீர் இல்லை. அசல் வெள்ளம், வீட்டுக்குள் புகுகிற வெள்ளம். தமிழ்நாடு முழுவதும் ஒப்புக்கொள்கிற பொருளில், அந்த ஒரு தடவை, அவள் வாயில் பிறந்த சொல்லே சரியான சொல்.

"நாக்கு வரைக்கும் வந்துது. அனு பேனாவும் பிடிச்சு நிக்க மாதிரி இருந்துது. விழுங்கிட்டேன்."

"பின்னே என்னதான் சொன்னே?"

"ஆறு பெருகி வீட்டுக்குள்ள தண்ணி ஏறிட்டுன்னு சொன்னேன்."

அது சரிதான், அழகான தமிழ்தான் என்றேன். குழித்துறை ஆறு கரை மீறும்போது எங்கள் அப்பா அப்படித்தான் சொல்லுவார். ஆனால் ஒரு சொல்லுக்கு ஐந்து சொல் போட்டால் புள்ளி குறைப்பார்களா, தயங்கியதற்குக் குறைப்பார்களா என்று இருவருக்கும் தெரியாது. கடந்த தடவை அவள் தோற்றது தன் தமிழால். இந்தத் தடவை தோற்றால் என் தமிழால். டிராமில் திரும்பும்போது நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "விடுங்க அண்ணா, நீங்க வேணும்னேயா செஞ்சிய?" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முடிவு வரச் சில வாரம் ஆகும் என்றார்கள். நான் ஜூலைக் கடைசியில் ஊர் வந்து சேர்ந்தேன். அலுவலகத்தில் ஆஸ்திரேலியா எப்படி என்று கேட்டார்கள். கைவிட்டு ஓட்டும் பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன், நம்பவில்லை. தங்கை பாஸா என்று கேட்டார்கள். தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்துவிடுவேன். ஆகஸ்ட் போயிற்று. செப்டம்பரும் ஏறக்குறைய போயிற்று. தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் மனைவியை எடுக்கச் சொன்னேன்.

அக்டோபர் முதல் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி அடுக்களையில் இருந்ததால் நானே எடுக்க வேண்டியதாயிற்று.

"அண்ணா, ஆகஸ்ட்லயே பாஸாயிட்டேன். கரை சேந்தாச்சு, வேண்டியதுக்கு மேல ரெண்டு மார்க்கு கூடுதல். எல்லாம் முடிஞ்சிட்டுச் சொல்லலாம்னுதான் விளிக்கல்ல. இப்ப அறுபதும் ஏத்துக்கிட்டு பி.ஆருக்கு அழைப்பு வந்தாச்சு. நாப்பதுக்கு இன்னும் எட்டு நாள் கிடக்கு."

தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே அடுக்களைப் பக்கம் திரும்பினேன்.

"ஏட்டி, கொஞ்சம் வெள்ளம் கொண்டா."

மறுமுனையிலிருந்து அனுவின் குரல் கேட்டது. இத்தனை நேரமும் அவளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மாமா, ஒரு பாத்திரம்."

மனைவி செம்பில் கொண்டுவந்தாள். முழுக்கக் குடித்தேன். பிறகு செம்பை அவளிடம் கொடுக்காமல் நானே கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்தேன்.